சூனியக்காரிக் குன்றும் சிலுவை செதுக்கிய கைகளும்



லிதுவேனியா எங்கே இருக்கிறது என்று கேட்டு உலகப்படத்தை விரித்து வைத்தால், நம்மில் பலருக்கு விரல் தடுமாறும். போலந்துக்கு மேலே, லாட்வியாவுக்குக் கீழே, பால்டிக் கடலோரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய நாடுதான். ஆனால் மரத்தைச் செதுக்குவதில் அந்த மக்களுக்கு இணையாக ஐரோப்பாவில் வேறு யாரையும் எளிதில் சொல்லிவிட முடியாது. இன்று எழுதப்போவது அங்குள்ள ஒரு குன்றைப் பற்றி. அதன் பெயர் ராகனு கால்னாஸ். 'சூனியக்காரிகளின் குன்று' என்று பொருள். பைன் மரக்காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் ஒற்றையடிப் பாதை, அதன் இருபுறமும் ஏறத்தாழ 80 மரச்சிற்பங்கள். பேய், பிசாசு, பறவைநாகம், மீனவன், ராட்சசி, பல் இளிக்கும் கிழவி எல்லாம் உண்டு. குழந்தைகள் ஏறி உட்காரலாம், சறுக்கலாம், ஊஞ்சல்பலகை ஆடலாம். எல்லாமே உளியும் வாய்ச்சியும் கொண்டு கையால் செதுக்கியவை.

பார்க்க விளையாட்டுத்தனமாகத்தான் இருக்கும். சுற்றுலா வருபவர்கள் பிசாசின் மடியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் இந்தச் சிற்பங்கள் செதுக்கப்படத் தொடங்கிய ஆண்டு 1979. அப்போது லிதுவேனியா சோவியத் ஒன்றியத்தின் பிடியில் இருந்தது. வீதியோரத்தில் ஒரு மரச்சிலுவை நட்டால் அதிகாரிகள் பிடுங்கி எறிந்த காலம் அது. தலைமுறை தலைமுறையாகச் சிலுவை செதுக்கிப் பழகிய ஒரு நாட்டின் கைகள், அரசின் கண்ணெதிரே, அரசின் அனுமதியோடு, பேய்களைச் செதுக்கின. எப்படி இங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் கதை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கூரிஷ் மணல்திட்டு என்று ஒரு நிலம். 98 கிலோமீட்டர் நீளம். குறுகலான இடத்தில் அகலம் 400 மீட்டர்தான், அகன்ற இடத்திலும் நான்கு கிலோமீட்டரைத் தாண்டாது. ஒரு பக்கம் பால்டிக் கடல், மறுபக்கம் அமைதியான காயல். வடக்கே ஏறத்தாழ 52 கிலோமீட்டர் லிதுவேனியாவுக்கு, தெற்கே மீதி ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதிக்கு. தனுஷ்கோடிக்குப் போயிருப்பவர்கள் அந்த முனையை இழுத்து நீட்டி, 60 மீட்டர் உயரத்துக்கு மணல்மேடுகளை அதன்மேல் குவித்து, குளிரையும் பைன் காட்டையும் சேர்த்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும்.

தனுஷ்கோடியை ஒரே இரவில் புயல் கொண்டுபோயிற்று. இங்கே ஊர்களை மணல் மெல்ல மெல்லத் தின்றது. மரங்களைக் கண்டமேனிக்கு வெட்டித் தீர்த்ததால் காற்று மணலைக் கிளப்பிக்கொண்டு நகர ஆரம்பித்தது. முதலில் வேலி புதையும், பிறகு வயல், அதன்பின் ஜன்னல். மக்கள் வீட்டைப் பிரித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள். மணல் அங்கேயும் வரும். கார்வாய்ச்சியாய் என்ற ஊர் 18ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் முழுவதும் புதைந்தது. அந்த ஊரில் 1776இல் பிறந்த லியுத்விகாஸ் ரேசா பின்னாளில் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். லிதுவேனிய நாட்டுப்பாடல்களைத் திரட்டி 1825இல் முதன்முதலாக நூலாக வெளியிட்டவர் அவரே. சொந்த ஊர் மணலுக்கு அடியில் போவதைப் பார்த்த மனிதர் பாடல்களைச் சேர்க்கக் கிளம்பியது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. இன்று பெர்வால்கா ஊருக்கு அருகே மணல்மேட்டின் மீது அவருக்கு ஒரு மரச்சிலை நிற்கிறது.

19ஆம் நூற்றாண்டில் விடாமல் பைன் நட்டு மணலைக் கட்டினார்கள். பிரான்ஸ் எஃபா என்ற மணல்மேட்டு ஆய்வாளர் வாழ்நாள் முழுவதையும் இதற்கே கொடுத்தார். யுவோட்கிராந்தே என்ற ஊரை ஒட்டி மட்டும் நடாமலேயே தப்பிய பழைய காடு இருந்தது. நம் சூனியக்காரிக் குன்று அந்தக் காட்டுக்குள்தான் இருக்கிறது. அதுவும் ஒரு பழைய மணல்மேடுதான். மரங்கள் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. முன்பு அதற்கு ஏவாள் குன்று என்று பெயர். கோடையின் மிகக் குறுகிய இரவில், ஜூன் 23 மாலை, ஊர் மக்கள் அங்கே கூடித் தீ மூட்டுவார்கள், ஆடுவார்கள், பூமாலை கட்டுவார்கள். அன்று நள்ளிரவில் பூக்கும் என்று சொல்லப்படும் பெரணிப் பூவைத் தேடி இளைஞர்கள் காட்டுக்குள் போவார்கள். பெரணி பூக்காது என்பது தாவரவியல் படித்த உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கும்!

அன்றிரவு சூனியக்காரிகளும் வெளியே உலவுவதாக நம்பிக்கை. 'சூனியக்காரி' என்று நான் எழுதுவது உண்மையில் அரைகுறை மொழிபெயர்ப்பு. ராகனா என்ற சொல்லை, 'பார்த்தல்' என்ற பொருள் தரும் லிதுவேனிய வினையோடு மொழியறிஞர்கள் பலர் இணைக்கிறார்கள். காண்பவள், வருவதை அறிபவள். லிதுவேனியா 1387இல்தான் கிறித்தவத்தை ஏற்றது. ஐரோப்பாவிலேயே கடைசியாக மாறிய நாடுகளில் ஒன்று. அதனால் பழைய தெய்வங்களும் தேவதைகளும் அங்கே முழுக்கச் சாகவில்லை. சிலுவையின் உச்சியில் சூரியக் கதிர்களையும் பிறைநிலவையும், சில நேரம் பாம்பையும் சேர்த்துச் செதுக்கினார்கள். பாதிரியார்களில் சிலர் முகம் சுளித்திருக்கலாம், மக்கள் பொருட்படுத்தவில்லை.

இப்போது செதுக்கியவர்களிடம் வருவோம். லிதுவேனியக் கிராமங்களில் வீட்டு வாசல், நாற்சந்தி, கல்லறை, வயல்வரப்பு என எங்கும் ஓக் மரச்சிலுவைகளும் கூரை வைத்த சிறு மாடங்கள் கொண்ட கம்பங்களும் நின்றன. பிள்ளை பிறந்தாலும், நோய் தீர்ந்தாலும், மகன் போரிலிருந்து திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் ஒன்று நடுவார்கள். இதற்கென்றே ஊர் ஊராகப் போகும் கைவினைஞர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரியவர் வின்சாஸ் ஸ்விர்ஸ்கிஸ் (1835–1916). ஒரு வீட்டில் தங்குவார், அங்கேயே சாப்பிடுவார், வேலை முடிந்ததும் அடுத்த வீட்டுக்கு நடப்பார். சிலுவையையும் அதிலுள்ள உருவங்களையும் தனித்தனியே செய்து ஒட்டாமல் ஒரே ஓக் அடிமரத்திலிருந்து கொண்டுவந்தார். தச்சு வேலை தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருக்கிறீர்கள். ஒரே கட்டையில் செதுக்குவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அடி தவறினால் ஒட்டுப்போட இடமில்லை.

இந்தக் கலையைத் தடை செய்த முதல் அரசு சோவியத் அரசு அல்ல. 1863 கிளர்ச்சியை ஒடுக்கிய ரஷ்யப் பேரரசு, கல்லறைக்கும் தேவாலயத்துக்கும் வெளியே சிலுவை நடக்கூடாது என்றது. அத்தோடு 1864 முதல் 1904 வரை லத்தீன் எழுத்தில் லிதுவேனிய மொழி நூல்களை அச்சிடவும் தடை. நாற்பது ஆண்டுகள்! மக்கள் எல்லைக்கு அப்பால் பிரஷ்யாவில் அச்சிட்டு, மூட்டை கட்டி, இரவில் காட்டு வழியாகப் புத்தகம் கடத்தினார்கள். பிடிபட்டவர்கள் சிறைக்கும் சைபீரியாவுக்கும் போனார்கள். பாடப்புத்தகத்தைத் தொலைத்துவிட்டு வந்து நின்ற சிலரை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன், பெயர் சொல்லமாட்டேன்.

சோவியத் காலத்தில் தடை இன்னும் கடுமையானது. சியாவுலியாய் நகருக்கு அருகே சிலுவைக் குன்று என்று ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கிளர்ச்சிகளில் இறந்து, உடல்கூடக் கிடைக்காதவர்களுக்காக உறவினர்கள் சிலுவை நட்டு வளர்ந்த குன்று. 1961இல் புல்டோசர்கள் வந்தன. மரச்சிலுவைகளை எரித்தார்கள், இரும்பைப் பழைய இரும்புக்கு அனுப்பினார்கள், கல்லை உடைத்தார்கள். மக்கள் இரவோடு இரவாகப் புதிய சிலுவைகளைத் தூக்கிவந்து நட்டார்கள். எழுபதுகளிலும் திரும்பத் திரும்ப அழித்தார்கள். திரும்பத் திரும்ப முளைத்தன.

அப்படியானால் செதுக்கும் கை எங்கே போவது? இங்கேதான் வரலாறு சுவாரசியமான ஒரு வளைவு எடுக்கிறது. சோவியத் அரசுக்கு மதம் ஆகாது. 'நாட்டுப்புறக் கலை' ஆகும். உழைக்கும் மக்களின் கலை என்று அதற்கு மேடை உண்டு, கண்காட்சி உண்டு. ஆக, சிலுவை வேண்டாம் என்றவர்களே செதுக்குபவனை வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். பொருளை மட்டும் மாற்ற வேண்டும். கவலையோடு கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் இயேசுவின் சிறு மரவுருவம் ஒன்று உண்டு, ரூபிந்தோயேலிஸ் என்பார்கள். அதையே நாட்டுப்புறக் கலைப்பொருள் என்று சொல்லி வீட்டில் வைத்துக்கொண்டவர்கள் பலர்.

பெரிய அளவில் இந்தக் கைகள் ஒன்றுகூடியது 1972இல், ஆப்லிங்கா என்ற ஊரில். 1941 ஜூன் 22 அன்று ஹிட்லரின் படை சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியது. மறுநாள் ஜெர்மானியர்கள் ஆப்லிங்காவிலும் பக்கத்து ஊரான ஷ்வாகினியாயிலும் 42 பேரைச் சுட்டுக் கொன்று ஊரைக் கொளுத்தினார்கள். தேதியைக் கவனித்தீர்களா? ஜூன் 23. தீ மூட்டிப் பெரணிப் பூ தேடும் அதே நாள். முப்பத்தோரு ஆண்டுகள் கழித்து, விதவுதாஸ் மாயோராஸ் என்ற நாட்டுப்புறச் சிற்பியின் முன்முயற்சியில் செதுக்குபவர்கள் கூடி 30 உயரமான ஓக் சிற்பங்களை அங்கே நிறுத்தினார்கள். கொல்லப்பட்ட மனிதர்களையே, குடும்பம் குடும்பமாகச் செதுக்கினார்கள். வடிவத்தைப் பார்த்தால் பழைய வீதியோரச் சிலுவைக் கம்பத்தின் உறவுக்காரர்கள் என்று உடனே தெரியும். சிலுவைதான் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாஜிகள் கொன்றதால் ஆப்லிங்காவுக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 14 முதல், சோவியத் அரசு லிதுவேனியாவிலிருந்து சுமார் 17,000 பேரைச் சரக்கு ரயிலில் ஏற்றி நாடுகடத்தியது. அவர்களுக்கு ஒரு குச்சிகூட நட முடியாது. அதே 1941இல் காடுகளில் சுட்டுப் புதைக்கப்பட்ட லிதுவேனிய யூதர்கள், நாட்டின் யூதர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அழிந்தவர்கள். அவர்களின் புதைகுழிகளில் யூதர் என்ற சொல்லே இல்லாமல் 'சோவியத் குடிமக்கள்' என்று எழுதிவைத்தார்கள். அந்தக் கொலைகளில் உள்ளூர்க்காரர்களின் கையும் இருந்தது. எதைச் செதுக்கினார்கள் என்று வியக்கும்போது எதைச் செதுக்கவில்லை என்றும் பார்க்க வேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

ஆப்லிங்கா ஒரு வழியைத் திறந்துவிட்டது. 1975இல், ஓவியரும் இசையமைப்பாளருமான சுர்லியோனிஸின் நூற்றாண்டுக்காக, அவர் பிறந்த வாரேனாவிலிருந்து வளர்ந்த துருஸ்கினின்காய் வரை சாலையோரம் மரச்சிற்பங்கள் நட்டார்கள். 1979இல் நம் குன்று. நாட்டின் பல பகுதிகளிலிருந்து நாட்டுப்புறச் சிற்பிகள் கோடையில் யுவோட்கிராந்தேவுக்கு வந்து தங்கி, ஓக் அடிமரங்களைக் கிடத்தி வேலை செய்தார்கள். 1980, 1981 கோடைகளிலும் தொடர்ந்தது. பின்னாளில் மேலும் சேர்த்தார்கள்.

மரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஓக் நம் தேக்கைப்போல எண்ணெய்ப் பசை உள்ள மரமல்ல, ஆனால் வைரம் பாய்ந்த பகுதி மிகக் கெட்டி. வெளிப்புற வெளிறைச் சீவி எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி அங்கிருந்துதான் தொடங்கும். அடிமரத்தை முழுதாக வைத்துச் செதுக்கினால் காயும்போது நெடுக வெடிக்கும், தவிர்க்க முடியாது. தேர்ந்த கை அந்த வெடிப்பு முகத்தில் வராமல் முதுகுப் பக்கம் போகும்படி பார்த்துக்கொள்ளும். பிசாசாக இருந்தால் முகத்தில் வெடித்தாலும் பரவாயில்லை, அழகு கூடத்தான் செய்யும். மண்ணைத் தொடும் அடிப்பகுதிதான் முதலில் மக்கும். கடற்காற்று, பனி, காட்டின் ஈரம் எல்லாம் சேர்ந்து இருபது ஆண்டுகளில் தங்கள் வேலையைக் காட்டிவிட்டன. 1999க்குப் பிறகு பல சிற்பங்களைப் பழுதுபார்த்தார்கள், சிலவற்றைப் புதிதாகவே செதுக்கினார்கள். சிலுவைக் கம்பங்களுக்கும் இதே வழக்கம்தான். மக்கினால் அதே இடத்தில் வேறொன்று. கல்வெட்டுப் பார்த்துப் பழகிய நமக்கு 'அசல் எது' என்று கேட்கத் தோன்றும். அங்கே அந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமில்லை.

குன்றில் நெரிங்கா இருக்கிறாள். நல்ல மனம் படைத்த ராட்சசி. கடல் கொந்தளித்து மீனவர்களை விழுங்கியபோது, மடியில் மணலை அள்ளி அள்ளிக் கொண்டுவந்து கொட்டி, இந்தத் திட்டையே உண்டாக்கி, உள்ளே ஓர் அமைதியான காயலைக் கொடுத்தாளாம். அவள் பெயரைத்தான் 1961இல் அங்குள்ள நான்கு ஊர்களைச் சேர்த்து உருவாக்கிய நகரத்துக்கும் வைத்தார்கள்.

எக்லே கதையும் அங்கே உண்டு. லிதுவேனியக் குழந்தைக்குத் தெரியாத கதை இல்லை இது. எக்லே என்ற பெண் குளித்துக் கரையேறும்போது அவள் சட்டைக்குள் ஒரு பாம்பு. என்னை மணப்பதாக வாக்குக் கொடுத்தால்தான் போவேன் என்கிறது. வாக்குக் கொடுக்கிறாள், அவன் கடலுக்கடியில் ராஜா, பெயர் ஷில்வினாஸ். மூன்று மகன்கள், ஒரு மகள். பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தகம் பார்க்க வருகிறாள். அவள் அண்ணன் தம்பிமார் பன்னிரண்டு பேருக்கும் அவளைத் திரும்ப அனுப்ப மனமில்லை. தகப்பனை அழைக்கும் பெயர் என்ன என்று பிள்ளைகளை மிரட்டுகிறார்கள். மகன்கள் வாய் திறக்கவில்லை. சின்ன மகள் பயந்துபோய்ச் சொல்லிவிடுகிறாள். அவர்கள் கரைக்குப் போய்ப் பெயர் சொல்லி அழைத்து, வந்தவனை அரிவாளால் வெட்டுகிறார்கள். எக்லே வந்து அழைக்கும்போது அலையில் இரத்த நுரை வருகிறது. அவள் பிள்ளைகளை மரமாக்குகிறாள்: ஒருவன் ஓக், ஒருவன் ஆஷ், ஒருவன் பிர்ச், மகள் காற்றில்லாதபோதும் நடுங்கிக்கொண்டே இருக்கும் ஆஸ்பென். தானும் ஸ்ப்ரூஸ் மரமாகிறாள். எக்லே என்றால் அவர்கள் மொழியில் ஸ்ப்ரூஸ் என்றே பொருள்.

விசாரணைக்கு அழைத்துப் போய்ப் பெயர் கேட்ட காலத்தில் வாழ்ந்தவர்கள் இந்தக் கதையைச் செதுக்கும்போது என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் ரகசிய எதிர்ப்பு என்று பிற்காலத்தில் பெயர் சூட்டுவது எளிது. இது அரசு அனுமதித்து, அரசு செலவில் நடந்த வேலை. பலர் நல்ல மரமும் கோடையும் கூட்டாளிகளும் கிடைத்த மகிழ்ச்சியில் செதுக்கியிருக்கலாம். என் கணிப்பு இவ்வளவே: கை மறக்கவில்லை. சிலுவை தடை நீங்கியபோது அதைச் செதுக்க ஆள் இருந்தது. 2001இல் யுனெஸ்கோ லிதுவேனியச் சிலுவை செதுக்கும் கலையை மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தபோது அது அருங்காட்சியகப் பொருளாக இல்லை, உயிரோடு இருந்தது.

இன்னொரு விஷயம் என்னை உறுத்துகிறது. இந்தக் கதைகளைச் சொன்ன மீனவர்கள் யார்? அந்தத் திட்டில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் கூர்ஸெனீக்கு என்ற சிறு இனத்தவர், லாட்விய மொழிக்கு நெருங்கிய ஒரு பேச்சைப் பேசியவர்கள், அவர்களோடு ஜெர்மானியரும் லிதுவேனியரும். 1944–45 குளிர்காலத்தில், செம்படை நெருங்கியபோது, ஏறத்தாழ எல்லோரும் வெளியேறினார்கள். திரும்பியவர்கள் மிகச் சிலர். காலி வீடுகளில் வேறு ஊர்களிலிருந்து புதியவர்கள் குடியேறினார்கள். ஆக, 1979இல் குன்றில் செதுக்கிய கைகள் பெரும்பாலும் வெளியூர்க் கைகள். கதைக்குரியவர்கள் போய்விட்டார்கள், கதை நின்றுவிட்டது. அவர்கள் மொழி இன்று ஏறக்குறைய இல்லை.

அவர்கள் செதுக்கியவையும் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. நிடா ஊரின் பழைய கல்லறையில் கிரிக்ஷ்தாய் என்ற பலகைகள் நிற்கின்றன. பறவை, செடி, இதய வடிவில் வெட்டிய மரப்பலகைகள். தலைமாட்டில் அல்ல, கால்மாட்டில் நடுவார்கள். இறுதிநாளில் எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள வசதியாக இருக்குமாம். படகுகளின் பாய்மர உச்சியில் காற்றுக்கொடி ஒன்று இருக்கும். எந்த ஊர்ப் படகு எங்கே திருட்டு மீன் பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க 1844இல் ஊருக்கொரு வண்ணக் கொடி கட்டாயமாக்கினார்கள். மீனவர்கள் அந்த அரசாங்க அடையாளத்தைச் சுற்றி வீடு, தேவாலயம், ஆள் உருவம் எல்லாம் மரத்தில் செதுக்கிச் சேர்த்து அழகுபடுத்திவிட்டார்கள். கண்காணிக்க வந்த சட்டத்துக்குச் சரிகை வைத்துத் தைத்த மாதிரி!

ஐரோப்பாவில் இருக்கும் பிள்ளைகளில் யாராவது அந்தப் பக்கம் போனால்: கிளைபேடா துறைமுகத்திலிருந்து படகில் காயலைக் கடந்து, அங்கிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் சாலையில் போனால் யுவோட்கிராந்தே. காலையில் போங்கள், கூட்டம் இருக்காது. ஊருக்கு அருகே ஆயிரக்கணக்கில் நாரைகளும் நீர்க்காகங்களும் கூடுகட்டும் காடும் இருக்கிறது. நாற்றம் கொஞ்சம் அதிகம், பார்த்துக்கொள்ளுங்கள். நிடா வரை போனால், தாமஸ் மான் 1930 முதல் மூன்று கோடைகள் தங்கிய வீட்டைப் பார்க்க எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அதற்கு முன் அந்தக் கல்லறைக்குப் போய், கால்மாட்டுப் பலகைகளை நாலைந்து படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.